கதையில் தண்ணீர் சுமப்பது யார்?

வாசகர் கேள்வி – பதில்: மலைக் கதைகள், பெண், சூழல்

நாட்டுப்புறக் கதைகளைச் சூழலியல் கண்ணோடும் பெண் கண்ணோடும் படிப்பது குறித்துக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்தவற்றில் ஒரே பொருளில் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மிஞ்சியவற்றுக்குப் பதில் தருகிறோம்.

கேள்வி: பள்ளியில் பசுமைப்படைக்கு வாரம் ஒரு நாட்டுப்புறக் கதை சொல்கிறேன். பெண் மரமானாள், பெண் பூவானாள், பெண் ஆறானாள் என்றே பல கதைகள் போகின்றன. ‘பெண்ணும் இயற்கையும் ஒன்று, இரண்டையும் போற்றுவோம்’ என்று முடிப்பேன். போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ‘அப்போ ஆம்பளைங்க மரமாக மாட்டாங்களா மிஸ்?’ என்று கேட்டுவிட்டாள். என்ன சொல்வது?
— அரசுப் பள்ளி ஆசிரியை, கோத்தகிரி

பதில்: அந்தப் பிள்ளை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நம் கதைகளில் ஆணும் உருமாறுவான். பாம்பாவான், கிளியாவான், கல்லாவான். ஆனால் பூத்து நின்று, பிறர் வந்து பறித்துக்கொண்டு போகும் பொருளாக அவன் மாறுவது அபூர்வம். ‘போற்றுவோம்’ என்று முடித்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போய்விடும்.

கன்னட நாட்டில் பல வடிவங்களில் வழங்கும் பூமரப் பெண்ணின் கதையை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.கே. ராமானுஜன் தொகுத்து ஆங்கிலத்தில் தந்ததால் வெளியுலகுக்கும் தெரிந்த கதை இது. கூலி வேலை செய்து இரண்டு பெண்களை வளர்க்கிறாள் ஒரு தாய். சின்னவளுக்கு மரமாக மாறத் தெரியும். அக்காவிடம் முறையைச் சொல்கிறாள்: இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய். நகம் படாமல் இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வா. முதல் குடத்தை என்மேல் ஊற்று, மரமாவேன். கிளை ஒடியாமல், இலை கிழியாமல் வேண்டிய பூவை மட்டும் பறி. பிறகு இரண்டாம் குடத்தை ஊற்று, பெண்ணாவேன். அக்கா அப்படியே செய்கிறாள். பூவை விற்ற காசில் தாயின் பாரம் கொஞ்சம் குறைகிறது.

அரசகுமாரன் ஒளிந்திருந்து இதைப் பார்க்கிறான், அவளையே மணக்கிறான், இரவுதோறும் மரமாகச் சொல்லி அந்தப் பூவின்மேல் படுக்கிறான். வாடிய பூக்கள் மாளிகைக்கு வெளியே குவிகின்றன. அதைப் பார்த்த இளைய நாத்தனார் தோழிகளோடு அவளைத் தோப்புக்கு இழுத்துப் போகிறாள். வேடிக்கைக்காக மரமாகச் சொல்லி, ஏறிக் கிளைகளை ஒடித்துவிட்டு, இரண்டாம் குடத்தை ஏனோதானோ என்று ஊற்றிவிட்டு ஓடிவிடுகிறார்கள். கையும் காலும் இல்லாத உடம்பாக அவள் சாக்கடையில் கிடக்கிறாள். கடைசியில் கணவனே அவளை அடையாளம் கண்டு, தண்ணீர் ஊற்றி மரமாக்கி, ஒடிந்த கிளைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக் கட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றிப் பெண்ணாக மீட்கிறான்.

கெடுத்தவள் பெண், மீட்டவன் ஆண் என்பதை விட்டுவிடாதீர்கள். ஆகவே ‘ஆண் அழிப்பான், பெண் காப்பாள்’ என்ற வாய்பாட்டில் இந்தக் கதை அடங்காது. அக்காவின் வீட்டில் பூ பிழைப்புக்கு, அளவோடு. மாளிகையில் அது சுகத்துக்கு, தினமும். தோப்பில் விளையாட்டுக்கு, கேள்வி முறையே இல்லாமல். மரம் ஒன்றுதான், பறிக்கிறவரின் நிலைதான் மாறிக்கொண்டே போகிறது. தமிழில் ‘பூப்பு’ என்ற சொல் செடிக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்பதால் நம் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்கவே தேவையில்லை. பெண் பிள்ளைகள் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள், கவனித்துப் பாருங்கள்.

நாற்பது நிமிட வகுப்பென்றால் பதினைந்து நிமிடத்தில் கதையை முடித்துவிடுங்கள். கரும்பலகையில் இவ்வளவு எழுதினால் போதும்: யார் உழைத்தது? யார் அனுபவித்தது? எந்த விதி எங்கே மீறப்பட்டது? சரிசெய்தது யார், எப்படி? இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, நாமே முதலில் நீதியைச் சொல்லிவிடுவது. சொல்லிவிட்டால் பிள்ளைகள் நான்கு கேள்விக்கும் அந்த நீதியையே திருப்பி எழுதித் தருவார்கள். இரண்டாவது தவறு, இரண்டு குடத்தையும் வெறும் மந்திரமாகச் சொல்லிக் கடப்பது. வீட்டுப்பாடமாக, அவரவர் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர், எங்கிருந்து, யார் தலையில் வருகிறது என்று மூன்று நாள் குறித்து வரச் சொல்லுங்கள். தேயிலைத் தோட்ட லயன் வீட்டுப் பிள்ளையின் தாளும் டவுன் பிள்ளையின் தாளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், கதையை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

ஆறாம் வகுப்புக்குக் கீழே என்றால் சாக்கடைக் காட்சியைச் சுருக்கிக்கொள்ளலாம். கிளை பொருத்தும் காட்சியைச் சுருக்காதீர்கள். உடைத்ததைத் திருத்த எத்தனை நேரம், எத்தனை கவனம் வேண்டும் என்பது அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பழனி மலையில் இருந்துகொண்டு வள்ளி கதையைப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் அது காதல் கதைதானே, அதில் சூழலியல் எங்கே இருக்கிறது?
— வாசகர், பண்ணைக்காடு

பதில்: பெயரிலேயே இருக்கிறது. வள்ளி என்றால் கொடி. அந்தக் கொடியின் கிழங்கும் வள்ளி. வேடர் தலைவன் நம்பிக்கு ஆண் மக்கள் உண்டு, பெண் இல்லையே என்று ஏங்குகிறான். (பெண் குழந்தைக்கு ஏங்கும் வீடு நம் கதைகளில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.) வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் குழந்தை கிடைக்கிறது. அரண்மனைத் தொட்டிலிலோ தாமரைப் பூவிலோ கிடைக்காமல், அன்றாடம் கை மண்ணாகும் இடத்தில் கிடைக்கிறது.

காட்டு வள்ளியைத் தோண்டத் தெரிந்தவர்களுக்கு அந்தக் குழியின் அருமை புரியும். மழை நாளில் கொடி பச்சையாக ஓடும்போது கிழங்கு வற்றிப்போய் இருக்கும், அப்போது தோண்டினால் உழைப்பு வீண். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து இலை மஞ்சளாகும்போதுதான் மாவு இறங்கியிருக்கும். அதையும் தள்ளிப் போட்டால் கொடி காய்ந்து ஒடிந்து, அடி எங்கே என்றே தெரியாமல் போகும். கிழங்கு நேர் கீழாக ஒரு முழம், இரண்டு முழம் இறங்கும். பாறைச் சந்தில் இறங்கியதை முழுதாக எடுக்க முடியாது. கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை விட்டுக் கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, தலையை அதே குழியில் வைத்து மண்ணைத் தளர்வாக மூடினால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். தலையையும் சேர்த்துப் பிடுங்கினால் அந்தக் கொடியின் கதை முடிந்தது. குழியை மூடாமல் விட்டால் தண்ணீர் தேங்கி மிச்சமும் அழுகும். ஆக, கிழங்குக் குழி என்பது அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து நட்ட பாத்தி. அதற்குள் ஒரு பெண் குழந்தையை வைத்திருக்கிறது கதை.

படித்துவிட்டு யாரும் கோலை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். மூன்று சிற்றிலையாகப் பிரியும் காட்டுக் கொடிகளில் தின்னத் தக்கதும் உண்டு, கடும் நஞ்சுள்ளதும் உண்டு. இலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. நஞ்சை நீக்க மெல்லியதாகச் சீவி, வேகவைத்து, ஓடும் நீரில் நெடுநேரம் ஊறவிடும் முறையெல்லாம் தலைமுறைப் பழக்கத்தில் வருவது, புத்தகத்தைப் பார்த்துச் செய்வதல்ல.

அடுத்தது தினைப்புனம். தினை எண்பது தொண்ணூறு நாள் பயிர். கதிரில் பால் பிடித்ததிலிருந்து முற்றும் வரை இரண்டு மூன்று வாரம் கிளி விடாது. அந்த நாட்களில் பரண் ஏறிப் பகல் காவல் இருப்பது பெண் பிள்ளைகள். கிளி கடியும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் என்று குறிஞ்சிப்பாட்டே பெயர் சொல்கிறது. தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து செய்து, தட்டி ஓசை எழுப்புவது. கவண் கல்லும் ஆலோலப் பாட்டும் கூட உண்டு. ஓட்டுவதுதான் நோக்கம், கொல்வதல்ல. கிளி பக்கத்துக் காட்டில் போய்த் தின்னட்டும் என்ற ஏற்பாடு அது. பக்கத்தில் காடு இருக்கும் வரைதான் அது செல்லும். சுற்றிலும் தோட்டமாகிவிட்டால் ஓட்டிய பறவைக்குப் போக இடமில்லை, திரும்பத் திரும்ப அங்கேயே வந்து இறங்கும்.

இந்தக் கதையில் தவிர்க்கக் கூடாத ஒரு நெருடலும் இருக்கிறது. வள்ளி வேலைக்கு நிற்கிற இடம் அது. அங்கே ஒருவன் வேடனாக வருகிறான், பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு உண்கிறான், கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்து அவளை அச்சுறுத்திச் சம்மதிக்க வைக்கிறான். பக்தர்கள் இதை அருள் விளையாட்டாகப் பார்ப்பார்கள். அதோடு சேர்த்து, தனியாகப் புனம் காக்கும் பெண்ணுக்கு எதெது பயம் என்ற பட்டியலாகவும் படிக்கலாம். கதை இரண்டையும் தாங்கும். வள்ளித் திருமணத்தை மேடையில் பார்ப்பவர்களில் பெண்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் சிரிக்கவில்லை என்று கவனித்தால் தெரியும்.

கேள்வி: குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது உண்மையா, கதையா?
— மாணவி, குன்னூர்

பதில்: உண்மை. நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. பூத்துக் காய்த்து விதை உதிர்ந்ததும் செடி மடிந்துவிடும், அடுத்த தலைமுறை விதையிலிருந்துதான் வர வேண்டும். அதனால் பூத்த ஆண்டில் மிதிபட்டால் பன்னிரண்டு ஆண்டுக்கான நஷ்டம். குறிஞ்சி இனத்தில் பல செடிகள் உண்டு, எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு கணக்குப் பொருந்தாது. இடையில் எங்காவது நீலம் தெரிந்தால் ‘கணக்குத் தப்பிவிட்டது’ என்று செய்தி போடாதீர்கள்.

கேள்வி: தோடர் கதைகளைப் பெண்ணியம் என்று சொல்கிறார்களே. பால்மனைக்குள் (எருமைப் பாலுக்கான கோயில்) பெண்கள் போகக்கூடாது என்ற வழக்கம் உள்ள சமூகத்தின் கதை எப்படிப் பெண்ணியமாகும்?
— கல்லூரி மாணவி, உதகமண்டலம்

பதில்: ஆகாது. கதைக்கு அப்படி முத்திரை குத்த வேண்டியதில்லை, பெண் கண்ணோடு படிப்பது நம் வேலை. ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் 1901–02-ல் இங்கே தங்கிச் சேகரித்து, 1906-ல் அச்சிட்ட தோற்றக் கதை ஒன்று உண்டு. ஓன் என்ற தெய்வமும் மனைவி பினார்கூர்ஸும் குந்தா மலை உச்சிக்குப் போகிறார்கள். நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை நாட்டி, ஒரு முனையில் ஓன் நின்று மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வரவழைக்கிறார்: 1,600. மறுமுனையில் பினார்கூர்ஸ் நின்று வரவழைக்கிறாள்: 1,800. ஓனின் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் தோடர் வெளியே வருகிறார். அவருடைய விலா எலும்பிலிருந்து முதல் தோடப் பெண் உண்டாகிறாள்.

விலா எலும்பைப் பார்த்ததும் பலரும் விவிலியத்தை நினைத்து அங்கேயே நின்றுவிடுவார்கள். எண்ணிக்கையைப் பாருங்கள். அவள் கொண்டுவந்தது இருநூறு கூடுதல். ஆனால் ஓனின் வழிவந்தவை புனித எருமைகள், பால்மனைக்கு உரியவை. அவளுடைய வழிவந்தவை சாதாரண எருமைகள். கூடுதலாகக் கொடுத்தவளின் மந்தைக்கு ‘சாதாரணம்’ என்று பெயர் வந்த கணக்கை மறைக்காமல் வைத்திருக்கிறது கதை. புனிதம், சாதாரணம் என்ற கோடு எங்கே, யாருடைய உழைப்புக்கு நடுவே போடப்படுகிறது என்று கேட்பதற்கு இதைவிட நல்ல கதை கிடைப்பது கடினம். அதே மரபில் தேய்கிர்ஷி என்ற பெண் தெய்வம் பெரிய இடத்தில் இருக்கிறாள் என்பதையும் மறக்கக் கூடாது. பெண் தெய்வம் இருப்பதும் பெண்ணுக்கு வாசல் திறப்பதும் வேறு வேறு என்பது தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்தாலே தெரிந்த விஷயம்தானே.

சூழலியல் பக்கமும் அதே கதையில்தான். எருமை வானத்திலிருந்து இறங்கவில்லை, மண்ணுக்குள்ளிருந்து வந்தது, புல்லைப் போல. தோடரின் உலகம் புல்வெளி உலகம். கோயில் கூரை வேய்வதற்கும் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு தனிப் புல்தான் வேண்டும். சதுப்பை வடித்துக் காய்கறித் தோட்டமோ தேயிலையோ போட்ட இடத்தில் அந்தப் புல் இல்லை, ஆகவே கூரையும் இல்லை. கதை நிகழும் குந்தா மலையில் இப்போது அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று மின்திட்ட அணைகள் நிற்கின்றன. வகுப்பில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் வரைபடத்தையும் விரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பெண்களின் கையில் முழுதாக இருப்பது, தோடர் போர்வையான பூத்துக்குளியின் எம்பிராய்டரி. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் உருக்களுக்குப் பெயர் உண்டு, பெயருக்குப் பின்னால் கதை உண்டு. கதை கேட்கப் போகிறவர்கள் பால்மனை வாசலில் நின்று ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால், ஊசியோடு உட்கார்ந்திருப்பவர்களின் பாதி கிடைக்காமலே போகும். பழைய தொகுப்புகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு.

கேள்வி: ‘மரத்தை வெட்டாதே, அது நம் தாய்’ என்ற கதைகளைக் கிராமத்தில் சொல்கிறோம். ஆனால் இங்கே வனத்துறையே வாட்டில் மரங்களை வெட்டுகிறது. விறகுக்குப் போகும் பெண்கள் ‘எங்களைத் திட்டிவிட்டு நீங்கள் வெட்டுகிறீர்களா?’ என்று கேட்கிறார்கள். யார் பக்கம் நிற்பது?
— தன்னார்வலர், மன்னவனூர்

பதில்: முதலில் கதையை மாற்றுங்கள். சமவெளிக் கதையை மலையுச்சிக்குத் தூக்கிக்கொண்டு வந்ததன் கோளாறு இது. இந்த மலைகளின் மேற்பரப்பு, பள்ளங்களில் சோலையும் மேட்டில் புல்லுமாக இருந்த நிலம். நீலகிரியில் சீகை என்றும் உங்கள் பக்கம் வாட்டில் என்றும் சொல்லப்படும் மரம் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் அப்படியே. தோல் பதனிடவும் விறகுக்கும் காகிதக் கூழுக்கும் நட்டார்கள். புல்வெளியில் மரம் நிற்பதே அங்கே கேடு. ‘எல்லா மரமும் தாய்’ என்ற கதை வாட்டிலுக்குத்தான் காவல் நிற்கும், குறிஞ்சிக்கு அல்ல.

ஆனால் அந்தப் பெண்களின் கேள்வி நியாயமானது. பெண்ணுக்கும் சூழலுக்கும் உள்ள உறவைப் பற்றி இரண்டு பெரிய போக்குகள் உண்டு. ‘சூழலியல் பெண்ணியம்’ என்ற சொல்லை 1974-ல் பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன் உருவாக்கினார். இந்தியாவில் வந்தனா சிவா 1988-ல், பெண்ணையும் இயற்கையையும் ஒரே உயிர்ப்பின் இரு முகமாகக் காட்டி எழுதினார். பொருளியலாளர் பீனா அகர்வால் 1992-ல் இதை மறுத்தார்: பெண் காட்டோடு நெருங்கியிருப்பது அவள் பிறப்பால் அல்ல, விறகு, தண்ணீர், தீவனம் சேர்க்கும் வேலை அவள் தலையில் விழுந்திருப்பதால், நிலம் அவள் பெயரில் இல்லாததால். மலையில் சுமை தூக்கும் பெண்களைப் பார்க்கும்போது எங்களுக்கு அகர்வால் சொன்னதே பொருந்துவதாகத் தோன்றுகிறது. ‘நீ இயற்கையின் காவலி’ என்று பட்டம் கொடுப்பது சுலபம். பட்டத்தோடு காவல் வேலையும் இலவசமாக அவள் தலையிலேயே ஏறும்.

வாட்டில் அகற்றுவதை எடுத்துக்கொள்வோம். மரத்தை வெட்டியதோடு வேலை முடியாது. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உறங்கும். வெயில் பட்டதும், முக்கியமாகத் தீ வைத்தால், மொத்தமாக முளைக்கும். வெட்டிய இடத்தில் தீ வைத்துச் சுத்தம் செய்வது அதனால்தான் பெருந்தவறு. சில்வர் வாட்டில் வேரிலிருந்தும் கன்று விடும், அடிமரத்தை மட்டும் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாக வரும். கன்று முழங்காலுக்குக் கீழே இருக்கும்போது, மழை பெய்து மண் இளகிய நாளில், வேரோடு பிடுங்க வேண்டும். அதையும் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். பழைய வாட்டில் தோப்பின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக எழும்பியிருந்தால் அங்கே மொத்தமாக வெட்டக் கூடாது. வெட்டினால் கன்றும் சேர்ந்து கருகும்.

இந்தக் கன்று பிடுங்கும் வேலையை யார் செய்வது? கூலிக்கு வரும் பெண்கள். ஆகவே ஊரில் பேச வேண்டியது இதுதான்: வெட்டிய மரத்தில் விறகுப் பங்கு யாருக்கு, எந்த இடத்தில் அடுக்கி வைப்பார்கள், பிடுங்கும் நாளுக்குக் கூலி எவ்வளவு, வாட்டில் தீர்ந்த பிறகு அடுப்புக்கு என்ன வழி. இதற்குப் பதில் இல்லாமல் கதை சொல்லப் போனால் அவர்கள் உங்களை அடுத்த முறை உட்காரச் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: மலைத்தேன் எடுக்கும் கதைகளில் ஆண்களே வருகிறார்கள். பெண்ணுக்கு அங்கே இடமே இல்லையா?
— வாசகி, அரவேணு

பதில்: கயிற்றில் இருக்கிறாள். பாறை விளிம்பில் கொடிக்கயிற்றைக் காவல் காப்பவர் தேன் எடுப்பவரின் மச்சான், அதாவது மனைவியின் உடன்பிறந்தவர் என்பது நீலகிரிப் பழங்குடிகளிடம் வழங்கும் ஏற்பாடு. தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் கயிறு அறுப்பான்? காப்பீட்டுக் கம்பெனி இல்லாத காலத்துக் காப்பீடு. அவள் உயிரோடு வீட்டில் இருப்பதுதான் அவனுக்குப் பிடிமானம். மலைத்தேனீயின் அடையில் தேன் மேல் ஓரத்திலும் புழுவறை கீழேயும் இருக்கும். தேன் பகுதியை மட்டும் அறுத்துப் புழுவறையை விட்டு வந்தால் கூட்டம் பிழைக்கும் என்பதையும் கதையோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பாட்டிகளிடம் கதை சேகரித்து ஆய்வு செய்ய நினைக்கிறேன். செல்போன் போதுமா? எப்படித் தொடங்குவது?
— முதுகலை மாணவர், கொடைக்கானல்

பதில்: செல்போன் போதும். வேவ் (WAV) கோப்பாகப் பதியும் செயலி ஒன்றை ஏற்றி, ஃபிளைட் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஒன்று ஒன்றரை அடி தூரத்தில், மேசை மேல் அல்லாமல் மடித்த துணி மேல் வையுங்கள். மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாக விழும். தகரக் கூரை வீட்டில் மழை வந்தால் நிறுத்திவிடுங்கள், அந்தப் பதிவு எதற்கும் ஆகாது. முதல் நிமிடத்தில் தேதி, ஊர், யார் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். அவர் சம்மதத்தையும் பெயர் போடலாமா வேண்டாமா என்பதையும் அவர் குரலிலேயே பதியுங்கள். அன்று இரவே இரண்டு இடத்தில் நகல். பத்து நிமிடப் பேச்சை எழுத்தாக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இயந்திரத்தால் அல்ல. ‘பாட்டி, ஒரு கதை சொல்லுங்க’ என்று நடுப்பகலில் கூடத்தில் உட்கார வைத்தால், பக்கத்தில் பேரனோ கணவரோ உட்கார்ந்து அவருக்காகப் பேசுவார்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். பூண்டு கட்டும்போது, பீன்ஸ் தரம் பிரிக்கும்போது, இலை பறித்துவிட்டு எடை போடக் காத்திருக்கும்போது பேச்சு தானாக வரும். கையும் வேலை செய்துகொண்டே இருக்கட்டும். முடிந்தால் நீங்களும் கூடையில் கை வையுங்கள். எந்த வேலையின்போது எந்தக் கதை வந்தது என்று குறித்துக்கொள்வதுதான் பெண் பார்வைக்கு அடித்தளம். அதைக் குறிக்காத தொகுப்பில் கதை மட்டும் மிஞ்சும், உழைப்பு காணாமல் போகும்.

அடுப்படிக் கதையில் பெரும்பாலும் பெயர் இருக்காது. ‘ஒரு ஊர்ல ஒரு அம்மா’ என்றுதான் தொடங்கும். மேடையிலும் கோயிலிலும் சொல்லப்படும் கதையில் ஊர், பெயர், குலம் எல்லாம் இருக்கும். அடுப்படிக் கதைக்கு அழகுக்காகப் பெயர் வைத்துவிடாதீர்கள், வகையே மாறிவிடும். படுகர் ஊரில் ஹெத்தை கதை கேட்டால் அது வழிபாட்டுக் கதை. அந்தச் சொல்லுக்கே மூதாட்டி என்று பொருள், ஆனால் சமையலறை மூதாட்டி சொல்லும் நரிக்கதையும் அதுவும் ஒன்றல்ல. ஊர்ப் பெரியவர்கள் அனுமதி இல்லாமல் பதியக் கூடாது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தோட்டங்களில் குடியேறிய பெண்களின் ஒப்பாரியும் தாலாட்டும் இந்த மலையின் கதைதான். ‘பழங்குடி மட்டுமே நாட்டுப்புறம்’ என்று அவர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கதையில் செடி வந்தால், பெயரை எழுதிக்கொண்டு வந்து அகராதியில் தேடாதீர்கள். ஒரே பெயர் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வேறு செடிக்கு இருக்கும். அவரோடு நடந்து போய்க் காட்டச் சொல்லி, இலையின் முன்பக்கம், பின்பக்கம், பூ, காய், முழுச் செடி என்று படம் எடுங்கள். ஐயம் இருந்தால் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் (BSI) தென்மண்டல மையத்தை அணுகலாம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் பறிக்கக் கூடாது. மருந்துச் செடி இருக்கும் இடம், தேன் பாறை இருக்கும் இடம் இரண்டையும் கட்டுரையில் எழுதவே வேண்டாம். எழுதிய அடுத்த பருவத்தில் வெளியாள் கோணியோடு வந்து நிற்பான். அச்சானதும் ஒரு பிரதியும் ஒலிப்பதிவும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: எங்கள் பாட்டிமார் கதைகளில் ஊற்று, கிழங்குக் காடு, சாமி மரம் எல்லாம் பெயரோடு வருகிறது. வன உரிமை மனுவுக்கு இது உதவுமா, வெறும் கதை என்று தள்ளிவிடுவார்களா?
— வாசகி, பந்தலூர்

பதில்: உதவும், ஆனால் கதையாகவே கொடுத்தால் உதவாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 13-ஆவது விதி, எவையெல்லாம் சான்று என்று சொல்கிறது. மனு போடுபவர் அல்லாத மூத்தவர்களின் வாக்குமூலம், எழுத்தில் இருந்தால், ஒரு சான்று. சமூக உரிமைக்குக் கிழங்கும் காட்டுப் பழமும் சேகரிக்கும் இடம், மேய்ச்சல் நிலம், நீராதாரம், புனித மரம், இடுகாடு ஆகியவையும் சான்றில் சேரும். குறைந்தது இரண்டு சான்று வேண்டும். வாக்குமூலம் ஒன்று, இடத்தின் அடையாளம் ஒன்று என்று வைத்தால் கதை இரண்டு காலில் நிற்கும்.

செய்முறை இப்படி: கதையில் வரும் இடப்பெயர்களை மட்டும் தனியே எடுங்கள். சொன்ன பாட்டியோடும் இன்னும் இரண்டு மூத்த பெண்களோடும் நடந்து போய் ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். ஊற்று எந்த மாதம் வற்றும், கிழங்கு எந்தச் சரிவில், எத்தனை குடும்பம் வருகிறது என்று கேட்டு எழுதுங்கள். படம் எடுங்கள், கைவரைபடம் போடுங்கள். வாக்குமூலத்தை அவர்கள் பேச்சிலேயே எழுதி வாசித்துக் காட்டிக் கைரேகை வாங்குங்கள். சமூக உரிமைக்குப் படிவம் பி, சமூக வன வளத்துக்குப் படிவம் சி. இங்கே சறுக்குவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: மனுதாரரே தன் மனுவுக்கு மூத்தவராகவும் கையெழுத்துப் போடுவது. விதி அதை ஏற்காது. இன்னொன்று, ஊருக்கே ஒரே வாக்குமூலத்தை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது. சரிபார்க்க வருபவர் முதல் மூன்று தாளிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கிராம சபையில் மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். இலை பறிக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு வராது, தீர்மானமும் செல்லாது. மாலையிலோ வார விடுமுறையிலோ வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தனி உரிமைப் பட்டா, மணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் பதிய வேண்டும் என்று சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. பட்டா கைக்கு வந்ததும் பரப்பளவைப் பார்ப்பதற்கு முன்பே பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாமல், அங்கேயே திருத்தம் கேட்டு எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.